வீடு தேடிப் போன சக்கரம்

"இந்த சைக்கிளுக்கு யாரோ சடை பின்னி விட்டிருக்காங்க, டீச்சர்!"

ரேடியோ கிண்டலாகத்தான் சொன்னான். டீச்சர் சிரிக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனின் பின்புறத்தில், எந்தக் காலத்திலோ பிடித்துப் போட்ட வண்டிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, அந்தப் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் சொன்னே," என்றார். "பின்னல்தான்."

ரேடியோவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் ஜோக் என்று விடுவதை இந்த அம்மாள் துப்பு என்று எடுத்துக்கொள்வார். பல வருஷமாக நடக்கிற அவமானம் இது.

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. துப்பறிவது அவர் தொழில், ரேடியோ அவருக்கு உதவியாள். அவர் கேள்வி கேட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவன் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிடுவான். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். ரேடியோவின் பெயருக்கு விளக்கமே வேண்டாம். தூக்கத்தில் மட்டும்தான் அவன் வாய் ஓயும், அதுவும் குறட்டைக்கு வழி விட்டுத்தான்.

சாதாரண சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் ஒன்றை ஒன்று குறுக்கே தாண்டிப் போகும், அவ்வளவுதான். இந்தச் சக்கரத்திலோ நடுவழியில் இரண்டிரண்டு கம்பிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, பிறகு பிரிந்து போயின. அதுவும் சீராக இல்லை. மூன்று முறுக்கு, கொஞ்சம் இடைவெளி, இரண்டு முறுக்கு, மறுபடி இடைவெளி. முன்சக்கரமும் அதே மாதிரிதான். இப்போது அது ஒரு பக்கம் நசுங்கித் தனியே கிடந்தது.

சைக்கிளின் சொந்தக்காரர் பிணவறையில் இருந்தார். வாய்க்கால் பாலத்தில், மழையில், ஒரு ரொட்டி வேன் மோதி இறந்துபோனவர். கூட்டத்தில் எவனோ ஒரு புண்ணியவான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போனும் அதோடு போயிற்று. முகம் யாருக்கும் காட்டுகிற நிலைமையில் இல்லை. நகக் கண்களில் நீலமும் சிவப்புமாக பெயிண்ட் ஒட்டியிருந்ததால், போர்டு எழுதுகிறவர் என்று மட்டும் தெரிந்தது. ஊரில் உள்ள பெயிண்டர்களையெல்லாம் ரேடியோ கேட்டுப் பார்த்துவிட்டான். காட்ட முகம் இல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. தேடிக்கொண்டும் யாரும் வரவில்லை. நாளைக் காலை வரைதான் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அனாதை என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி டீச்சரைத் தேடி வந்தவர், அந்த ரொட்டி வேனை ஓட்டியவரேதான்.

ஒல்லியான மனிதர். இப்போதும் ஸ்டேஷன் வாசலில், டீச்சரின் பழைய காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வந்த அன்றைக்குச் சொன்னதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்சக்கரம் திடீர்னு மடங்கிடுச்சும்மா. குறுக்கே விழுந்துட்டாரு. போலீஸும் அப்படித்தான் எழுதிக்கிட்டாங்க. கேஸ் ஒண்ணும் இல்ல. ஆனா அவரு வீட்டுக்கு யாராவது சொல்லணுமே..."

டீச்சர் எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியாச்சு. சைக்கிளைக் கார் மேல கட்டு. நசுங்கின சக்கரத்தையும் எடுத்துக்கோ."

"அதை எங்க வைக்கிறது?"

"பின்சீட்டுல, வேன் டிரைவர் மடியில."

"டிக்கி காலியா இருக்கே, டீச்சர்?"

"மடியில."

*

சைக்கிள் கடைக்காரர் பின்சக்கரத்தைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எந்த மகராசன் செஞ்ச வேலை இது?"

"அதைத்தான் நாங்க உங்ககிட்ட கேக்க வந்தோம்," என்றான் ரேடியோ.

"கடை வேலை இல்லீங்க. நாங்க கட்டினா ஒரே மாதிரி கட்டுவோம். பந்தயத்துக்குப் போற பசங்க சிலபேர் அழகுக்காக இப்படி முறுக்கச் சொல்லுவாங்க. நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். பலம் குறைஞ்சிடும். சக்கரம் கோணிட்டா நேராக்கவும் கஷ்டம்."

பின்சீட்டில் சக்கரத்தோடு உட்கார்ந்திருந்த வேன் டிரைவர், கார் ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலை குனிந்ததை ரேடியோ கவனித்தான். மனுஷனுக்கு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டான்.

"இவரு பந்தயத்துக்குப் போற வயசு இல்ல," என்றார் டீச்சர். "வண்டியும் பழசு. அழகுக்குன்னு இதுல ஒரு ஸ்டிக்கர் கூட இல்ல. சரி, செயினைப் பாருங்க."

"நல்லா எண்ணெய் விட்டிருக்காரு."

"நடுவுல ஹப்?"

"அதுலயும் விட்டிருக்காரு."

"இந்த முறுக்குல?"

கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். "சொட்டு எண்ணெய் இல்ல. துணி போட்டுத் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. எண்ணெய் விடலேன்னா ஓட்டும்போது கம்பியும் கம்பியும் உரசிச் சத்தம் வருமே?"

"வரட்டும்னுதான் விடல போல. மணியும் இல்ல, கவனிச்சீங்களா? ஹேண்டில்ல மணி மாட்டின தழும்பே கிடையாது."

"மணி இல்லாம ரோட்டுல போனா வழியில நிக்கிறவன் எப்படி ஒதுங்குவான்?" என்றான் ரேடியோ. "வாயால கத்திக்கிட்டே போனாரா? அப்படின்னா நம்ம ஜாதி."

ஒரு கம்பியின் அடியில், காற்றடிக்கிற வால்வுக்குப் பக்கத்தில், நூலால் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. டீச்சர் கட்டை விரலால் அதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"எந்தக் கம்பியில கட்ட ஆரம்பிச்சோம்கிறதுக்கு அடையாளம். நாங்க பெயிண்ட் ஒரு பொட்டு வைப்போம்."

"பெயிண்டர் வீட்டுல பெயிண்டுக்கா பஞ்சம்?" என்றார் டீச்சர். சொன்ன பிறகு அவர் முகம் மாறியது. என்னவென்று ரேடியோவுக்குப் புரியவில்லை. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

டீச்சர் மட்கார்டின் அடியில் விரலை விட்டுச் சுரண்டினார். வெள்ளைத் தூள், அடை அடையாக உதிர்ந்தது.

"மார்பிள் தூள்," என்றார் கடைக்காரர் உடனே. "ரயில்வே கேட்டைத் தாண்டினா அறுக்கிற பட்டறைங்க வரிசையா இருக்கு. ஒருநாள் போனா இவ்வளவு ஒட்டாது. தினமும் அந்த வழியா வீட்டுக்குப் போற ஆளு."

"அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னும் மட்கார்டைக் கேட்டுச் சொல்லிடுங்க," என்றான் ரேடியோ.

"ஒரு முன்சக்கரம் மாட்டித் தாங்க," என்றார் டீச்சர். "சாதா சக்கரம் போதும். வண்டி ஓடணும்."

*

மார்பிள் பட்டறைகளில் விசாரித்தும் பிரயோஜனம் இல்லை. மெஷின் சத்தத்தில் ரேடியோவின் குரலே எடுபடவில்லை. மூக்கில் துணி கட்டியிருந்த தொழிலாளிகள் சைக்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் எத்தனையோ சைக்கிள் போகுது," என்று கையை விரித்தார்கள்.

"கண்ணால பாக்கிறவங்களுக்கு இது வெறும் பழைய சைக்கிள்," என்றார் டீச்சர். "இதைக் காதால தெரிஞ்ச ஒருத்தர் இருக்காங்க. நீ ஏறி ஓட்டு. பட்டறைக்குப் பின்னாடி இருக்கிற தெரு ஒவ்வொண்ணா போ."

"நானா? நான் ஏறினா சக்கரம் பாடாது டீச்சர், அழும்."

"ஆள் பாரம் இருந்தாத்தான் கம்பி உரசும். ஏறு. நான் கார்ல பின்னாலயே வரேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, வாயைத் திறக்காதே. யார் கூப்பிட்டாலும் நான் வர்ற வரைக்கும் பேசாதே."

"சாப்பிடாதேன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல," என்று முனகிக்கொண்டே ஏறினான்.

முதல் மிதியிலேயே அது கேட்டது. டிங்... டிங்... டிங்... கொஞ்சம் மௌனம். டிடிங். மறுபடி மௌனம். மெல்லிய சத்தம்தான். ஆனால் பட்டறைச் சத்தம் பின்னால் தேய்ந்துபோன தெருக்களில், அது சுவருக்குச் சுவர் தட்டிக்கொண்டு முன்னால் போயிற்று. இரண்டு தெரு சுற்றினான். ஒரு நாய் மட்டும் எழுந்து பார்த்தது. மூன்றாவதாக ஒரு சந்து. கார் நுழையாது. டீச்சர் பின்னால் கதவைத் திறந்து இறங்குகிற சத்தம் கேட்டது. "ரேடியோ, இரு!" என்று கத்தினார். அவன் அதற்குள் சந்தின் பாதிக்கு வந்துவிட்டிருந்தான்.

"வந்தாச்சா?"

பச்சைக் கதவு போட்ட வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல். அதில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் அவன் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது.

"போன் போட்டுப் போட்டு என் விரல் தேஞ்சதுதான் மிச்சம்! சார்ஜ் நிக்காத அந்தப் போனைத் தூக்கிக் குப்பையில போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வெளியூருக்கு போர்டு எழுதப் போனா வீடுன்னு ஒண்ணு இருக்கிறதே மறந்துடுமா? ஏங்க... முன்சக்கரத்துக்கு என்ன ஆச்சு? பின்னாடி மட்டும்தான் கேக்குது. எங்க கொண்டுபோய் முட்டினீங்க?"

பேசிக்கொண்டே அந்த அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். இன்னொரு கை சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தது. முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் அந்தக் கண்கள் ரேடியோவைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, எதையும் பார்க்காமல் நின்றன.

நூல் முடிச்சு ஏன், எண்ணெய் விடாதது ஏன், மணி ஏன் இல்லை, எல்லாம் ரேடியோவுக்கு ஒரே நொடியில் புரிந்தது. அந்தச் சக்கரம் யார் கண்ணுக்காகவும் கட்டியது இல்லை. வருகிறேன் என்று இவருக்குச் சொல்வதற்காகக் கட்டியது.

"என்ன, பேச்சையே காணோம்? நான்தானே கோபப்படணும்? நல்ல கதையா இருக்கே," என்று அருகில் வந்து ஹேண்டிலைத் தொட்டார். அவன் கையை இழுத்துக்கொண்டான். அவர் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து முன்சக்கரத்தைத் தடவினார். விரல்கள் ஒரு கம்பியில் ஏறி அடுத்ததில் இறங்கின. அதற்கு அடுத்தது. எல்லாம் நேர்க்கம்பி. விரல்கள் மெதுவாகின. நின்றன.

"இது நான் கட்டினது இல்ல," என்றார்.

எழுந்து ஒரு அடி பின்னால் போனார். சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் உதட்டிலேயே நின்றது.

"அவர் வண்டியை யாருக்கும் தரமாட்டாரு. யாரு நீங்க?"

வாழ்நாள் முழுக்க ஓயாமல் பேசிய ரேடியோவுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "அம்மா..." என்றான்.

டீச்சர் மூச்சு வாங்க ஓடி வந்தார். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றி வளைக்கவில்லை. பாலம், மழை, வேன், ஆஸ்பத்திரி என்று நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

அந்த அம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். அழவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். பிறகு, "என் சக்கரம் எங்க?" என்று கேட்டார்.

"எதுக்கும்மா அது இப்போ?"

"கம்பி வாங்கின கடைக்காரன் அப்பவே அவருகிட்ட சொன்னானாம், முறுக்கினா பலம் போயிடும்னு. நான் நாற்காலிக்குப் பிரம்பு பின்றவ. கம்பியும் அதே மாதிரிதானே, நான் கட்டித் தரேன்னு விளையாட்டாச் சொன்னேன். அவர் பிடிச்சுக்கிட்டாரு. நீ முறுக்கு, தெருமுனையில திரும்பும்போதே நான் வர்றது உனக்குத் தெரியணும்னாரு." உதட்டைக் கடித்துக்கொண்டார். "சக்கரம் மடங்கி விழுந்தாரா? அதை மட்டும் சொல்லுங்க. நான் கட்டின சக்கரத்தாலயா அவரு போனாரு?"

சந்தின் முனையில் வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார், நசுங்கிய சக்கரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. டீச்சர் அவரைப் பார்த்துக் கையசைத்தார். அவர் நடந்து வந்து சக்கரத்தை அந்த அம்மாளின் மடியில் வைத்தார்.

விரல்கள் அதன் மேல் ஓடின. நூல் முடிச்சைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொரு முறுக்காகத் தொட்டுக்கொண்டே போயின. "முறுக்கு எதுவும் அவிழல," என்றார் தனக்குத்தானே. "இங்கயும் சரியா இருக்கு. இங்க மட்டும் ரிம் உள்ள போயிருக்கு. வெளியிலேர்ந்து எதுவோ இடிச்சிருக்கு..." கை நின்றது. "ஆனா விழுந்த பிறகு இடிச்சாலும் இப்படித்தானே போகும்? எது முதல்லன்னு என் விரலுக்குத் தெரியலையே. பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

டீச்சர் திரும்பி வேன் டிரைவரைப் பார்த்தார். ரேடியோவும் பார்த்தான். சக்கரம் மடங்கிடுச்சு என்று தினமும் சொன்ன மனிதர். இன்னொரு தடவை அதையே சொன்னால் போதும். போலீஸில் எழுதியது அப்படியே இருக்கும், அவர் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்க்கலாம். இந்த அம்மாள் மட்டும் மிச்ச நாளெல்லாம் தன் விரலைத் தானே வெறுத்துக்கொண்டு இருப்பார்.

நசுங்கிய சக்கரத்தை ஏன் டிக்கியில் போடாமல் அந்த மடியில் வைத்தார் டீச்சர் என்பது ரேடியோவுக்கு இப்போதுதான் உறைத்தது.

"நான் பார்த்தேம்மா," என்றார் டிரைவர். குரல் உடைந்திருந்தது. "சக்கரம் மடங்கல."

அந்த அம்மாள் தலையை அவர் பக்கம் திருப்பினார்.

"ஓரமாத்தான் வந்தாரு. நேராத்தான் வந்தாரு. நான் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிஞ்சேன். நிமிர்ந்தா எதிர்ல அவரு. மழையில பிரேக் பிடிக்கல. சக்கரம் மடங்கிச்சுன்னு போலீஸ்ல சொன்னது பொய். எனக்கும் வீடு இருக்கு, புள்ளைங்க இருக்குன்னு சொல்லிட்டேன். உங்க சக்கரத்துல ஒரு குத்தமும் இல்லம்மா. எல்லாம் நான்."

எங்கோ கல் அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"உடனே போயிட்டாரா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"இல்ல. மடியில தூக்கி வச்சிருந்தேன். வலிக்குதான்னு கேட்டேன். அவரு என்னைப் பாக்கல, சக்கரத்தைத்தான் பார்த்தாரு. 'போச்சு, திட்டப்போறா'ன்னாரு. குரல் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. அதோட முடிஞ்சிடுச்சு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "யாரோ ஒருத்தங்க திட்டுறதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்ச பிறகு எனக்குச் சோறு இறங்கல. அதான் இவங்களைத் தேடிப் போனேன்."

"திட்டினேனே," என்றார் அந்த அம்மாள். "இப்பக்கூட வந்ததும் வராததுமா திட்டினேனே..."

அப்போதுதான் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதார். டீச்சர் அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து காலடியில் உட்கார்ந்தாள். வேன் டிரைவர் சுவரில் சாய்ந்து, போலீஸ்காரர் யாராவது இப்போதே வந்து தன்னைக் கூட்டிக்கொண்டு போனால் தேவலை என்பது போல நின்றார்.

பக்கத்து வீட்டுப் பெண் அந்த அம்மாளைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, ரேடியோ டீச்சரைத் தனியே இழுத்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"பார்வை இல்லாதவங்க கட்டினதுன்னு தெரியும். டிரைவர் எதையோ மறைக்கிறாருன்னும் தெரியும்."

"பின்னே என்னை ஏன் அப்படி அனுப்புனீங்க? புருஷன் வந்துட்டான்னு சிரிச்சுக்கிட்டே வந்தாங்க, டீச்சர். நான் கல்லு மாதிரி உக்காந்திருந்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்கள் சிவந்திருப்பதை ரேடியோ அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"அந்த வீட்டுக்கு முன்னால நான் போய் நின்னு சொல்லணும்னுதான் நினைச்சேன். சத்தம் என்னை முந்திடும்னு யோசிக்கல. தப்புதான்."

அவனால் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண் துணைக்கு வருவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி முடிந்ததும் ஸ்டேஷனுக்குத் தானே வருவதாக டிரைவர் சொன்னார். டீச்சர் தலையாட்டினார். படியிலிருந்து எழுந்த அந்த அம்மாள் சட்டென்று நின்றார்.

"சைக்கிள்ல வந்தவரு இருக்காரா?"

"இருக்கேம்மா," என்றான் ரேடியோ.

"உள்ள அடுப்புல தண்ணி கொதிக்குது. இன்னிக்கு வந்துடுவாருன்னு குளிக்க வச்சேன். அணைச்சிட்டு வரீங்களா?"

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். ஒரே அறை. பாதி பின்னிய நாற்காலி ஒன்று ஜன்னலோரம் கவிழ்ந்து கிடந்தது. பிரம்புகள் நீளவாக்கில் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. கயிற்றில் ஒரு துண்டும், மடிப்புக் கலையாத சட்டையும் தயாராகத் தொங்கின. அடுப்பில் பெரிய பாத்திரம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அறை முழுக்க ஆவி.

ரேடியோ அடுப்பை அணைத்தான். அணைத்த பிறகும் தண்ணீர் அடங்கவில்லை. குமிழிகள் கீழேயிருந்து வந்துகொண்டே இருந்தன. அவை ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிக் குமிழியும் உடைந்து, தண்ணீர் அசையாமல் நிற்கிற வரை அவன் அங்கேயே நின்றான்.

"அணைச்சாச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"அணைச்சாச்சும்மா," என்றான்.